காய் திரளவில்லையா, தோல் வெடிக்கிறதா? கீழ்ப்பழனி மலைப் பழங்களுக்குக் குறி பார்த்துச் சத்துச் சரிசெய்யும் வழிமுறை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கத்துத் தோட்டங்களில் பழத்தின் தரம் குறைந்தால் முதலில் தேடப்படுவது யூரியா மூட்டை. பெரும்பாலும் அதுதான் கோளாறை இன்னும் பெரிதாக்குகிறது. நம் மலையில் பழம் கெடுவதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை காரணமாக இருப்பது குறைவு. நிழலுக்கு நிற்கும் கல்யாண முருங்கை காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. காப்பிச் செடிக்கடியில் சருகு மக்கிக்கொண்டே இருக்கிறது. போதாததற்குச் சமவெளியிலிருந்து லாரியில் கோழி எருவும் ஏறி வருகிறது.

குறைவது வேறு. இது அமில மண். ஐப்பசி, கார்த்திகை மழை சரிவில் இறங்கும்போது சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), மக்னீசியம், பொட்டாஷ் (சாம்பல்சத்து), போரான் நான்கையும் வேருக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) கரைந்து ஓடுவதில்லை. ஆனால் செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் வேருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே பழத்தில் என்ன குறி தெரிந்தாலும், ‘எந்தச் சத்து இங்கே தடைபட்டிருக்கிறது?’ என்று கேட்டுத் தொடங்க வேண்டும். உரக்கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

உரத்தைத் தொடுமுன்: இது சத்துக்குறைதானா?

நோயைச் சத்துக்குறை என்று எண்ணி உரம் போட்டால் காசும் போகும், பருவமும் போகும். மூன்று சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

வாழையில் குருத்து இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கின்றனவா? இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரிகிறதா? அது முடிக்கொத்து நோய். வைரஸ், அசுவினிப் பூச்சி பரப்புகிறது, எந்த உரத்துக்கும் அடங்காது. விருப்பாட்சி என்ற மலைவாழையின் பரப்பை இந்த மலையில் மிகச் சுருக்கிவிட்டது இந்த நோய்தான். திசு வளர்ப்புக் கன்றுகள் வந்த பிறகே அந்த வாழை மறுபடி தலைதூக்கியது. நோய் கண்ட குத்தைக் கிழங்கோடு அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அசுவினியைக் கட்டுப்படுத்திவிட்டு வெட்டுங்கள்; இல்லாவிட்டால் அது பக்கத்துக் குத்துக்குப் போய்விடும்.

கமலா ஆரஞ்சில் இலை வெளுத்திருந்தால், ஓர் இலையைப் பறித்து நடு நரம்பின் இருபுறமும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருபுறமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் சத்துக்குறையாக இருக்கலாம். ஒருபுறம் ஒரு வடிவம், மறுபுறம் வேறு வடிவம் என்று திட்டுத் திட்டாக இருந்தால் கிரீனிங் நோயைச் சந்தேகியுங்கள். அந்த மரத்தின் பழம் ஒருபக்கம் கோணியிருக்கும். காம்புப் பக்கம் நிறம் மாறி, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். உள்ளே விதைகள் சுருங்கிக் கறுத்திருக்கும்.

மூன்றாவது சோதனை வேரில். வாழையின் வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே செம்பழுப்புத் தழும்புகள் இருந்தால் நூற்புழு. வேர் அழுகிய மரத்துக்குப் போடும் உரம் மழையோடு ஓடைக்குத்தான் போகும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் அடுத்த கேள்வி: குறி எந்த இலையில் தொடங்கியது? தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாஷ், மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து இவற்றை எடுத்துப் புதிய இலைக்கும் காய்க்கும் கொடுத்துவிடும். அதனால் அடி இலை முதலில் கெடும். சுண்ணாம்புச்சத்தும் போரானும் இரும்பும் போன இடத்திலேயே தங்கிவிடுபவை. துத்தநாகமும் ஏறக்குறைய அப்படித்தான். அவற்றின் குறை கொழுந்திலும் பிஞ்சிலும் தெரியும். பின்னால் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

வாழை: தார் வந்துவிட்டது, காய் திரளவில்லை

மண்டிக்காரர்கள் தாரைத் தூக்கியவுடன் சொல்லும் குறை இது. சீப்பு எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் காய் ஒல்லியாக, விளிம்பு கூராகவே இருக்கும். பழுத்தாலும் இனிப்பு ஏறாது.

முதலில் இலையை எண்ணுங்கள். தார் வெளிவரும் நேரத்தில் எட்டு நல்ல இலையாவது வேண்டும். மூடுபனிக் காலத்தில் இலைப்புள்ளி நோய் இலைகளைத் தின்றிருந்தால், காய்க்குச் சர்க்கரை செய்து அனுப்ப ஆளே இல்லை. அப்போது நோயைக் கவனிக்க வேண்டும்.

இலைகள் போதுமான அளவு இருந்தும் காய் திரளவில்லை என்றால் அடி இலையின் நுனியைப் பாருங்கள். நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் பரவி, நுனி உள்நோக்கிச் சுருண்டு, இலை நடுவில் ஒடிந்து தொங்கினால் பொட்டாஷ் குறை. இலையில் உருவான சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் பொட்டாசியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அது குறைந்தால் இலை பச்சையாக இருந்தும் காய் பட்டினி கிடக்கும். இந்த நிலையில் யூரியா போடுவது எனக்கு மனம் பொறாத காரியம். போட்ட யூரியா பக்கக்கன்றுகளைக் கொழுக்க வைக்கும். அந்தக் கன்றுகள் தாருக்குப் போக வேண்டியதையும் இழுத்துக்கொள்ளும்.

வாழைக்கு எவ்வளவு பொட்டாஷ் பசி என்பதற்கு ஒரு கணக்கு. பாசனம் உள்ள தோட்டக்கால் வாழைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஆண்டுக்கு மரம் ஒன்றுக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல்சத்து. சாம்பல்சத்து மட்டும் தழைச்சத்தைப் போல மூன்று மடங்கு. மூட்டைக் கணக்கில் யூரியா ஏறக்குறைய 240 கிராம், மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 550 கிராம். மானாவாரி மலைவாழைக்கு இதே அளவை அப்படியே போடக்கூடாது. அதற்குத் தனிப் பரிந்துரை உண்டு. அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் என்று மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுப்பது அதன் முறை. உங்கள் சரிவுக்கு ஏற்ற அளவைத் தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் மண் ஆய்வு முடிவோடு போய்க் கேளுங்கள். தவணையைக் குறைக்காதீர்கள், ஒரே தடவையில் கொட்டிய பொட்டாஷ் ஒரு கனமழைக்குத் தாங்காது.

போடும் இடமும் முக்கியம். சரிவில் குத்தின் மேற்பக்கம் பிறைவடிவில் ஆழமில்லாமல் கீறி, உரத்தைத் தூவி, மண்ணால் மூடிச் சருகைப் பரப்புங்கள். கீழ்ப்பக்கம் போட்டது கீழ்த்தோட்டத்துக்காரருக்கு. ஒரு குத்தில் காய்க்கும் மரம் இரண்டு, அடுத்த வரிசைக்குக் கன்று இரண்டு போதும். மற்றவற்றை வெட்டுங்கள்.

தார் ஏற்கெனவே வெளிவந்துவிட்டது, இந்தத் தாரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தண்டு முனையில் ஊட்டும் முறை இருக்கிறது. கடைசிச் சீப்பு விரிந்ததும் வாழைப்பூவை நறுக்கிவிடுங்கள். புதுச் சாணம் 500 கிராம், யூரியா 7.5 கிராம், பொட்டாசியம் சல்பேட் 7.5 கிராம் ஆகியவற்றை 100 மில்லி தண்ணீரில் குழைத்து ஒரு பாலித்தீன் பையில் இடுங்கள். வெட்டிய முனை அதற்குள் முழுகும்படி பையைக் கட்டுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. இங்கே யூரியா சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். இது நேராகத் தாருக்குப் போகும் சிட்டிகை அளவு, கன்றுகளுக்குப் போகாது. காய் முற்றத் தொடங்கிய பிறகு கட்டினால் பலன் இல்லை.

ஓர் எச்சரிக்கை. பொட்டாஷ் போட்ட பின் அடி இலையின் ஓரங்கள் மஞ்சளாகி, நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சைப் பட்டை நின்றால் அது மக்னீசியக் குறை. பொட்டாஷ் மிகுந்தால் வேர் மக்னீசியத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் எடுப்பது தடைபடும். இரண்டையும் சேர்த்துத் தருவது டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள். உடனடி ஆறுதலுக்கு மக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

பழுக்கும்போது தோல் வெடிக்கிறது. அறுத்தால் உள்ளே பழுப்பு. இரண்டு நாளில் தொளதொளக்கிறது

பழம் வாழையானாலும் வெண்ணெய்ப்பழமானாலும் இந்தக் குறிகளுக்குப் பின்னால் அநேகமாக நிற்பது சுண்ணாம்புச்சத்துக் குறை. காயின் செல்சுவர்களை ஒட்டவைத்து உறுதியாக நிறுத்துவது கால்சியம். அது குறைந்த பழத்தின் தோல் அழுத்தம் தாங்காது. சதையும் சீக்கிரம் இளகிவிடும்.

மலையில் இது அடிக்கடி வருவதற்கு மண்ணின் அமிலம் மட்டும் காரணமில்லை. கால்சியம் வேரிலிருந்து மேலே ஏறுவது தண்ணீரோட்டத்தில். இலை ஆவியாக்கும் அளவுக்கு ஓட்டம் இலையை நோக்கிப் போகும். காய் ஆவியாக்குவது மிகக் குறைவு. அதிலும் பிஞ்சாக இருக்கும் முதல் சில வாரங்களில்தான் ஓரளவு. அந்த வாரங்கள் முழுவதும் மூடுபனி இறங்கி நின்றால் ஓட்டமே மந்தமாகிவிடுகிறது. இந்த நேரத்தில் யூரியாவோ கோழி எருவோ போட்டுக் கொழுந்து தள்ளவைத்தால், வந்த கொஞ்சக் கால்சியத்தையும் கொழுந்து எடுத்துக்கொள்ளும். இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வராது. அறுவடைக்குப் பத்து நாள் முன்பு இலை நனையக் கால்சியம் அடிப்பது வீண் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டிய வரிசை இது. மண் ஆய்வில் அமில அளவைக் காட்டும் பி.எச். மதிப்பு 5.5க்குக் கீழே இருந்தால், ஆய்வறிக்கை சொல்லும் அளவில் டோலமைட்டையோ வேளாண் சுண்ணாம்பையோ சித்திரை, வைகாசி கோடை மழையோடு போடுங்கள். மண்ணில் வேலை செய்ய அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். யூரியா, டி.ஏ.பி., புது எரு எதையும் அதோடு கலக்காதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூன்று, நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். பிஞ்சு பிடித்த முதல் வாரங்களில் கொழுந்து தள்ளவைக்கும் உரம் வேண்டாம். அந்தச் சமயத்தில் கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பிஞ்சே நனையும்படி, வெயில் ஏறுமுன் தெளியுங்கள். அதே தொட்டியில் சல்பேட் உரத்தையோ மணிச்சத்து உரத்தையோ கலந்தால் அடியில் சுண்ணமாகப் படிந்து தெளிப்பானின் மூக்கை அடைத்துவிடும். தண்ணீரும் சீராக வேண்டும். நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரெனப் பாய்ச்சினால் கால்சியம் போதுமான தோட்டத்திலும் தோல் வெடிக்கும்.

நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு பக்கம் மங்குஸ்தான் வைத்திருப்பவர்கள் காணும் மஞ்சள் பால் கோளாறும் இந்தக் குடும்பம்தான். பால் குழாய்களின் சுவர் உறுதியில்லாமல் உடைந்து, சுளைமேல் கசப்பு மஞ்சள் வழிகிறது. சுண்ணாம்புச்சத்தும் போரானும் குறைந்த மரத்தில், வறட்சிக்குப் பிந்திய பெருமழையில் இது கூடுகிறது.

காய் கோணிச் சுருண்டு, கட்டையாக இருக்கிறது

வாழைக் குருத்து இலை குறுகி, மஞ்சளும் பச்சையும் பட்டைபட்டையாக, இளம் இலையின் அடிப்புறம் செந்நீலம் படிந்திருந்தால் துத்தநாகக் குறை. ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதன் புளிப்பு இலையைச் சுடாமலிருக்க நீற்றிய சுண்ணாம்பு 2.5 கிராம் சேர்த்து வடிகட்டித் தெளிக்கலாம். இலை நொறுங்கி, நரம்புக்குக் குறுக்கே கோடுகள் விழுந்தால் போரான் குறை. தனித்தனியாக வாங்கிக் கலக்க முடியாதவர்களுக்கு வாழைக்கென்றே நுண்சத்துக் கலவைகள் விற்கிறார்கள். நோய்க் குறியையும் துத்தநாகக் குறியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலில் சொன்ன புள்ளி-கோடு சோதனையை மறுபடி செய்துவிட்டுத் தெளியுங்கள்.

கமலா ஆரஞ்சு: பார்க்கப் பெரிசு, உரித்தால் ஏமாற்றம்

இந்த மலையின் கமலா ஆரஞ்சுக்கு ஒரு காலத்தில் இருந்த பெயரை நினைத்தால் மனம் வலிக்கிறது. மிஞ்சியிருக்கும் மரங்களையாவது சரியாகப் பேண வேண்டும். ஒரு பழத்தைக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் தோலின் கனம், நடுவின் வெற்றிடம், தோலுக்கடியிலுள்ள வெள்ளைப் பகுதி, சுளையின் நீர் என்று நான்கையும் பாருங்கள்.

தோல் தடித்துச் சொரசொரத்து, நடுவில் வெற்றிடம் விழுந்து, சாறு புளித்தால் மணிச்சத்துக் குறை. அமில மண்ணில் இதற்கு ஏற்றது பாறைப் பாஸ்பேட். மண்ணின் அமிலமே அதை மெல்லக் கரைத்துக் கொடுக்கும். மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, வேர் ஓடும் வளையத்தில் மூடாக்குக்கடியில் போடுங்கள். சுண்ணாம்பு போட்ட இடத்தில் அதே பருவத்தில் வேண்டாம்.

தோல் தடித்திருக்கிறது, ஆனால் மரம் கரும்பச்சையாகக் கொழுத்திருக்கிறது, மார்கழிக் குளிரிலும் பழம் நிறம் மாறவில்லை: இது தழைச்சத்து மிகை. குளிர்ந்த இரவுகளே ஆரஞ்சுக்கு நிறம் கொடுப்பவை. அவை வந்தும் பச்சை போகவில்லை என்றால் காய் பருவத்தின் பிற்பகுதியில் யூரியாவோ கோழி எருவோ விழுந்திருக்கிறது. அடுத்த ஆண்டு தழைச்சத்தைக் காய் பிடிக்கும் காலத்தோடு நிறுத்துங்கள். காப்பிக்குப் போட்ட உரம் ஊடுபயிரான ஆரஞ்சுக்கும் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பழம் சிறுத்து, தோல் மெலிந்து, வெடித்து உதிர்ந்தால் பொட்டாஷ் குறை. ஆனால் அளவு தாண்டினால் எதிர்த்திசையில் போகும்: தோல் கரடாகும், புளிப்பு ஏறும். வெள்ளைப் பகுதியில் பழுப்புப் பிசின் தேங்கி, காய் கல்லாக இருந்தால் போரான். இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, பழமும் சிறுத்து வெளிறினால் துத்தநாகம். ஒவ்வொரு புதுத்துளிர் வரும்போதும், ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துத்தநாகமும் மற்ற நுண்சத்துகளும் சேர்ந்த தெளிப்பைக் கொடுத்துவந்தால் இவை தலைகாட்டுவது குறையும்.

காம்புப் பக்கச் சுளை உலர்ந்து அரிசிபோல் திரண்டிருப்பது வேறு கதை. உரத்தால் மட்டும் அது தீராது. மரத்தில் அதிக நாள் விடப்பட்ட பழத்திலும், அளவுக்கு மிஞ்சிப் பெருத்த பழத்திலும், கொழுத்து வளரும் இளமரத்திலும் அது மிகுதி. தழைச்சத்தைக் குறையுங்கள், பெரிய பழத்தை முதலில் பறியுங்கள்.

வெண்ணெய்ப்பழம், பப்பாளி, கொய்யா: சுருக்கமாக

வெண்ணெய்ப்பழச் சதை சாம்பல் நிறமாகி, நார்கள் கறுத்திருந்தால், அது குளிர்ப்பெட்டியில் நெடுநாள் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். குளிர் தாக்கினாலும் அப்படி ஆகும். இல்லையென்றால் தழைச்சத்து மிகையும் சுண்ணாம்புச்சத்துக் குறையும் சேர்ந்த கோளாறு. நீள்வடிவ ரகத்தில் காய் உருண்டையாக வந்தால் துத்தநாகம். ஒருபுறம் வளைந்து அரிவாள்போல் வந்தால் போரான். இலை நுனி கருகினால் குளோரைடு மிகை. இந்த மரத்துக்குக் குளோரைடு உள்ள மியூரியேட்டைத் தவிர்த்துப் பொட்டாசியம் சல்பேட் போடுங்கள். மரம் முழுவதுமே வெளிறி, இலை சிறுத்துத் தொங்கினால் வேரழுகலைத் தேடுங்கள். தண்ணீர் தேங்கும் குழியில் எந்தச் சத்தும் ஏறாது.

பப்பாளி மேடுபள்ளமாகி, காய்மேல் பால் துளிர்த்துக் காய்ந்திருந்தால் போரான். 4, 8ஆம் மாதங்களில் ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராமும் போரிக் அமிலம் 1 கிராமும் தெளிப்பது நல்ல வழக்கம். கொய்யா சிறுத்து, இறுகி, வெடித்தால் போராக்ஸ் லிட்டருக்கு 3 கிராம். போரானில் மட்டும் கை தாராளமாக வேண்டாம். போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே மிகக் கொஞ்ச தூரம்தான். எடைபோட்டே எடுங்கள்.

பேஷன் ஃப்ரூட் கனமில்லாமல் உள்ளே வெறும் கூடாக இருந்தால் உரம் தேடாதீர்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியே சாறு உருவாகிறது. மகரந்தம் சேராத பூவில் விதையும் இல்லை, சாறும் இல்லை. பெரிய கருவண்டுத் தேனீக்கள் வர வழி செய்யுங்கள். பூக்கும் வேளையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

குறி கலந்து தெரியும்போது

பல தோட்டங்களில் இரண்டு, மூன்று குறை ஒன்றாகத் தெரியும். கண்ணால் பிரிக்க முடியாதபோது இலை ஆய்வுதான் வழி. வாழையில் தார் வெளிவரும் சமயத்தில் மேலிருந்து மூன்றாவது இலையின் நடுப்பகுதியில், நடு நரம்பின் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான பட்டையை வெட்டுங்கள். ஆரஞ்சில் காய் இல்லாத கிளையிலிருந்து, துளிர்த்து நான்கு முதல் ஆறு மாதமான இலைகளை எடுங்கள். உரம் தெளித்த இலை வேண்டாம். ஈரத்தோடு பாலித்தீன் பையில் அடைக்காமல் காகிதப் பையில் கொடுங்கள்.

நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து ஒரு மாதிரி, கோளாறான மரத்திலிருந்து ஒரு மாதிரி என்று இரண்டையும் தனித்தனியே பெயரெழுதி அனுப்புங்கள். இரண்டின் அடியிலிருந்தும் மண்ணும் எடுங்கள்: வாழைக்கு ஓரடி ஆழம் போதும், ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழத்துக்கு ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று தனித்தனியாக. உரம் போட்டு இரண்டு மாதமாவது ஆன பின், அடுத்த தவணைக்கு முன்பாக எடுத்தால் அறிக்கையை நம்பி மூட்டை வாங்கலாம்.